வாஷிங்டனில் எத்தியோப்பியச் சாப்பாடு: தட்டுக்குப் பின்னால் ஒரு வரலாறு



நம் வளாகத்தில் ஆண்டுக்கு ஆறு மாதம் பூட்டிக் கிடக்கும் வீடுகள் சில உண்டு. காரணம் எல்லோருக்கும் தெரியும். மகனையோ மகளையோ பார்க்க அமெரிக்கா போயிருப்பார்கள். திரும்பி வந்ததும் காலை நடைப்பயிற்சியில் முதலில் பேசுவது சாப்பாட்டைப் பற்றித்தான். "வெளியே போனால் சைவத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை சார், பிட்சாவும் இலைதழையும் தின்று நாக்கு செத்துப்போச்சு" என்பார்கள். உங்கள் பிள்ளைகள் இருப்பது வாஷிங்டன் பக்கம் என்றால், அதாவது அதை ஒட்டிய மேரிலாந்து அல்லது வர்ஜீனியா என்றால், இந்தக் குறை உங்களுக்கு வேண்டியதில்லை. அங்கே எத்தியோப்பிய உணவகங்கள் ஏராளம். புளித்த மாவில் சுட்ட, தோசைக்கும் ஆப்பத்துக்கும் நடுவான ஒரு பண்டம். அதன் மேல் காரசாரமான பருப்பு, கீரை, முட்டைக்கோஸ் கறி.

ஆனால் உணவுப் பட்டியலை மட்டும் சொல்ல இதை எழுதவில்லை. ஆப்பிரிக்காவின் கிழக்கே உள்ள ஒரு நாட்டின் சாப்பாடு, பதினோராயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அமெரிக்கத் தலைநகரில் எப்படி வேரூன்றியது? பஞ்சத்தின் பெயரால் மட்டுமே உலகம் அறிந்திருந்த ஒரு நாட்டு மக்கள், ஊருக்கே சோறு போடும் கடைகளை எப்படித் திறந்தார்கள்? இந்தக் கதை தெரிந்து சாப்பிட்டால் அந்தத் தட்டின் மீது உங்களுக்குத் தனி மரியாதை வரும்.

படிக்க வந்தவர்கள், திரும்ப முடியாதவர்கள்

எத்தியோப்பியாவில் 1930-ல் முடிசூடியவர் பேரரசர் ஹைலே செலாசி. படித்த இளைஞர்கள் வேண்டும் என்பதில் அவர் குறியாக இருந்தார். உள்நாட்டுப் பள்ளிகளுக்கு வெளிநாட்டு ஆசிரியர்களை வரவழைத்தார். அவர்களில் பெரும் எண்ணிக்கையினர் இந்தியர்கள், குறிப்பாகக் கேரளத்தவர்கள். இன்றும் அறுபது வயதைத் தாண்டிய எத்தியோப்பியர் ஒருவர் உங்களைப் பார்த்தால், "எங்கள் கணக்கு வாத்தியார் இந்தியர்" என்று சொல்ல நிறைய வாய்ப்பு உண்டு. மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது என்னிடமும் ஒரு கடைக்காரர் அப்படித்தான் பேச்சைத் தொடங்கினார்.

பள்ளி முடித்தவர்களில் கெட்டிக்காரர்கள் மேற்படிப்புக்கு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பப்பட்டார்கள். வாஷிங்டனில் தூதரகம் இருந்தது. கறுப்பின மாணவர்களுக்குப் பெயர்பெற்ற ஹோவர்ட் பல்கலைக்கழகமும் இருந்தது. படிப்பை முடித்ததும் ஊர் திரும்பி அரசு வேலையில் சேருவதுதான் பெரும்பாலோரின் திட்டம். அமெரிக்காவில் தங்கிவிட வேண்டும் என்ற எண்ணம் அவர்களிடம் அதிகம் இல்லை.

1973-ல் வடக்கே வோல்லோ மாகாணத்தில் கடும் பஞ்சம். அரசு அதை மூடி மறைத்தது. அந்த அக்டோபரில் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ஒரு ஆவணப்படம் வந்தபின்தான் உலகத்துக்குத் தெரிந்தது. பொதுமக்கள், மாணவர்கள், ராணுவம் எல்லோரின் கோபமும் சேர்ந்து 1974 செப்டம்பர் 12 அன்று பேரரசர் பதவியிறக்கப்பட்டார். அரண்மனையிலிருந்து அவரை அழைத்துப்போனது ஒரு சின்ன ஃபோக்ஸ்வேகன் கார்.

அவருக்குப் பின் ஆட்சிக்கு வந்தது 'தெர்க்' என்ற ராணுவக் குழு. 1977, 78 ஆண்டுகளில் 'சிவப்புப் பயங்கரம்' என்று சொல்லப்படும் வேட்டை நடந்தது. தலைநகர் அடிஸ் அபாபாவில் படித்த இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்தவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். கையில் பட்டம் இருக்கிறது, ஊருக்குப் போனால் உயிர் இருக்காது. அதே காலத்தில் நாட்டைவிட்டுத் தப்பிய பலர் சூடானுக்கு நடந்தே போய் முகாம்களில் காத்திருந்தார்கள். 1980-ல் அமெரிக்கா அகதிகள் சட்டத்தை நிறைவேற்றியபின் அவர்களுக்கும் வழி திறந்தது. ஏற்கெனவே உறவும் நண்பர்களும் இருந்த ஊர் வாஷிங்டன். ஒருவர் போன தடத்தில் பத்துப் பேர் போனார்கள். பொருளாதாரமும் பொறியியலும் படித்தவர்கள் டாக்சி ஓட்டினார்கள், கார் நிறுத்துமிடங்களில் சீட்டுக் கிழித்தார்கள்.

முதல் கடைகள்

அமெரிக்காவின் முதல் எத்தியோப்பிய உணவகம் 1966-ல் கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் திறக்கப்பட்டது. அது நீடிக்கவில்லை. சாப்பிட வர ஆள் வேண்டுமே! வாஷிங்டனில் ஆள் சேர்ந்தபின் 1978-ல் ஜார்ஜியா அவென்யூவில் 'மம்மா தெஸ்தா' என்ற கடை வந்தது. சமைத்த அம்மையார் தெஸ்தாவின் பெயரே கடைக்கும் பெயர். ஊர் திரும்ப முடியாத பிள்ளைகளுக்கு அம்மா பெயரில் ஒரு கடை என்றால், அங்கே பசிக்கு மட்டுமா போயிருப்பார்கள்?

பிறகு ஆடம்ஸ் மார்கன் என்ற பகுதியில், வாடகை மலிவாக இருந்த 18-வது தெருவில் வரிசையாகக் கடைகள் முளைத்தன. அவற்றுள் 'மெஸ்கெரெம்' பெயர்பெற்றது. மெஸ்கெரெம் என்பது எத்தியோப்பிய நாட்காட்டியின் முதல் மாதம், நமக்குச் சித்திரை போல. அவர்களின் ஆண்டு செப்டம்பரில் பிறக்கிறது, அதில் 13 மாதங்கள்.

அந்தக் காலத்தில் அங்கே அவர்களின் தானியம் கிடைக்கவில்லை. அந்தப் பண்டத்தின் பெயர் இஞ்செரா. அதற்கு வேண்டியது டெஃப் என்ற புல்லரிசி. அமெரிக்கக் கடைகளில் கிடைத்த மைதா வகை மாவையும் சோடா நீரையும் கலந்து, புளிப்பையும் துளைகளையும் எப்படியோ வரவழைத்துச் சமாளித்தார்கள். 1980-களில் வெயின் கார்ல்சன் என்ற அமெரிக்கர் இதற்கு வழி செய்தார். எத்தியோப்பியாவில் பணியாற்றித் திரும்பியவர் அவர். ஐடஹோ மாநிலத்தில் டெஃப் பயிரிட்டு இந்த மக்களுக்கே விற்கத் தொடங்கினார். ஊர் மண்ணின் ருசி இப்படித்தான் பாதி திரும்பி வந்தது.

பஞ்சத்தின் நிழல்

கடைகள் வளர்ந்துகொண்டிருந்த நேரத்தில்தான் அடுத்த இடி விழுந்தது. 1984 அக்டோபர் 23 அன்று பி.பி.சி. தொலைக்காட்சியில் மைக்கேல் பர்க் என்ற செய்தியாளரும் முகமது அமீன் என்ற ஒளிப்பதிவாளரும் வடக்கு எத்தியோப்பியாவின் கோரெம் ஊரில் எடுத்த காட்சிகள் ஒளிபரப்பாயின. எலும்பும் தோலுமான குழந்தைகளை உலகமே பார்த்தது. மறு ஆண்டு ஜூலை 13 அன்று லண்டனிலும் பிலடெல்பியாவிலும் 'லைவ் எய்ட்' இசை நிகழ்ச்சி நடத்தி நிதி திரட்டினார்கள். நம்மில் பலர் அந்தப் படங்களை அன்றைய பத்திரிகைகளில் பார்த்திருப்போம்.

அந்தப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் இறந்தார்கள். மழை பொய்த்தது ஒரு காரணம். உள்நாட்டுப் போரும் ராணுவ அரசின் கொள்கைகளும் அதைவிடப் பெரிய காரணங்கள். ஆனால் உலகத்தின் மனத்தில் பதிந்தது ஒன்றே ஒன்றுதான்: எத்தியோப்பியா என்றால் பட்டினி.

வாஷிங்டனில் கடை வைத்திருந்தவர்கள் இதை நாள்தோறும் எதிர்கொண்டார்கள். "எத்தியோப்பியாவில் சாப்பாடு இருக்கிறதா என்ன?" என்பது அன்றைய அமெரிக்காவில் சர்வசாதாரணமான கேலி. 1989-ல் வெளிவந்து சக்கைப்போடு போட்ட 'வென் ஹாரி மெட் சாலி' என்ற ஹாலிவுட் படத்தில்கூட, வெறும் தட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்ற பொருளில் ஒரு நகைச்சுவை வருகிறது. ஊரில் உறவினர் என்ன ஆனார்கள் என்றே தெரியாத நிலையில், அடுப்படியில் நின்று பருப்பு கிளறும் ஒருவருக்கு அந்தச் சிரிப்பு எப்படி இருந்திருக்கும்?

நமக்கு இது புரியாத விஷயமல்ல. 1876 முதல் 78 வரை நம் பக்கத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தைப் பாட்டிகள் சொல்லிக் கேட்டிருப்போம். அப்போதும் சென்னைத் துறைமுகத்திலிருந்து தானியம் கப்பல் ஏறிக்கொண்டுதான் இருந்தது. பட்டினி கிடந்தவர்களுக்குச் சமைக்கத் தெரியாமல் இல்லை. எத்தியோப்பியக் கடைக்காரர்கள் கேலிக்குப் பதில் பேசிக்கொண்டிருக்கவில்லை. தட்டை நிரப்பி முன்னால் வைத்தார்கள். ஒருமுறை சாப்பிட்ட அமெரிக்கர் மறுமுறை நாலு பேரை அழைத்து வந்தார்.

முதலீடு எங்கிருந்து வந்தது?

வங்கியில் வாழ்நாளைக் கழித்தவன் என்பதால் எனக்கு இந்தக் கேள்விதான் முதலில் எழுந்தது. அகதியாக வந்தவருக்குச் சொத்து இல்லை, ஜாமீன் இல்லை, பழைய கடன் கணக்கு எதுவும் இல்லை. எந்த வங்கி மேலாளர் கையெழுத்துப் போடுவார்?

விடை நமக்கு நன்கு தெரிந்த ஒன்று: சீட்டு. அவர்கள் அதை 'எக்குப்' என்கிறார்கள். நம்பிக்கையான பத்து, இருபது பேர் சேர்ந்து வாரமோ மாதமோ ஒரே தொகையைப் போடுவார்கள். குலுக்கலில் பெயர் வந்தவருக்கு மொத்தமும் போகும். நம் ஏலச் சீட்டைப் போல் தள்ளு கிடையாது, வட்டியும் கிடையாது. ஒருவருக்கு அவசரம் என்றால் முறையை மாற்றிக் கொடுப்பதும் உண்டு. முதலில் எடுப்பவர் வட்டியில்லாக் கடன் வாங்கியவர் ஆகிறார். கடைசியில் எடுப்பவர் சேமித்தவர் ஆகிறார். தவணை கட்டாமல் ஏமாற்றினால் போவது பணம் மட்டுமல்ல, அந்தச் சமூகத்தில் அவர் முகமும்தான். டாக்சி வாங்கவும் கடைக்கு முன்பணம் கொடுக்கவும் பலருக்கு உதவியது இந்த எக்குப்.

'இத்திர்' என்று இன்னொன்றும் உண்டு. அது கிட்டத்தட்ட நம் நலச்சங்கம் போன்றது. மாதச் சந்தா கட்டுவார்கள். உறுப்பினர் வீட்டில் சாவு விழுந்தால் பந்தல், நாற்காலி, பாத்திரம், சாப்பாடு எல்லாவற்றையும் இத்திர் பார்த்துக்கொள்ளும். துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் அக்கம்பக்கத்தார் முறைவைத்துச் சமைப்பார்கள். பராமரிப்புக் கட்டணத்துக்காக ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் சண்டை போடும் நமக்கு இதில் படிக்கக் கொஞ்சம் இருக்கிறது.

மாவும் மசாலாவும்

டெஃப் உலகின் மிகச் சிறிய தானியங்களில் ஒன்று. ஒரு கோதுமை மணியின் எடைக்குச் சுமார் 150 டெஃப் மணிகள் வேண்டும் என்பார்கள். இதன் மாவைக் கரைத்து இரண்டு மூன்று நாள் புளிக்கவிடுகிறார்கள். முந்தைய மாவின் மேல் தேங்கிய நீரைக் கொஞ்சம் எடுத்துவைத்து உறை ஊற்றுகிறார்கள். பிறகு புளித்த மாவில் ஒரு கரண்டி எடுத்துக் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறியதும் மாவிலேயே திரும்பக் கலக்குகிறார்கள். ஆப்பத்துக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றும் பழக்கம் உள்ள வீட்டுக்காரர்கள் இதைப் படித்துப் புன்னகைப்பீர்கள். அகலமான கல்லில் வெளியிலிருந்து உள்ளே சுற்றி ஊற்றி, மூடி போட்டு, ஒரு பக்கம் மட்டும் வேகவைக்கிறார்கள். மேலே வரும் துளைகளுக்கு அவர்கள் மொழியில் 'கண்கள்' என்றே பெயர். கண் நிறைந்திருந்தால்தான் நல்ல இஞ்செரா.

இன்னொரு சொந்தமும் உண்டு. நம் கேழ்வரகு பிறந்ததும் எத்தியோப்பியா, உகாண்டா பக்கத்து மேட்டு நிலத்தில்தான். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து நம் கூழ்ப்பானைக்கு வந்தது. பதிலுக்கு நம் சொல் ஒன்று அங்கே போயிருக்கிறது. இஞ்சிவேர் என்ற நம் பக்கத்துச் சொல் வணிகர் வாய்வழியே அரபுக்குப் போய், அங்கிருந்து எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் மொழியில் 'ஸிஞ்ஜிபில்' ஆகிவிட்டது. அவர்களின் 'பெர்பெரே' மசாலாவில் காய்ந்த மிளகாய், வெந்தயம், ஏலவகை, இஞ்சி, பூண்டு எல்லாம் சேரும். நம் வீட்டுச் சாம்பார்ப் பொடிக்குத் தூரத்து அத்தை மகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சைவம் எப்படி வந்தது?

எத்தியோப்பியர் பெருமளவில் இறைச்சி உண்பவர்கள். பச்சை மாட்டிறைச்சியைக் கொத்தி வெண்ணெயில் புரட்டிய உணவுகூட உண்டு. அப்படியிருக்க இவ்வளவு சைவ வகைகள் எப்படி? காரணம் விரதம். அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் திருச்சபை மிகப் பழமையானது. நான்காம் நூற்றாண்டில் அக்சூம் அரசர் எசானா கிறிஸ்தவத்தை ஏற்ற காலத்தோடு அது தொடர்புடையது. அந்தச் சபையினர் புதன், வெள்ளி இரண்டு நாளும் விரதம் இருப்பார்கள். ஈஸ்டருக்கு முன் 55 நாள் நீண்ட விரதம். மற்றவற்றையும் கூட்டினால் ஆண்டில் ஏறத்தாழ பாதி நாள் விரத நாளே. விரதத்தன்று இறைச்சி, முட்டை, பால், நெய் எதுவும் கூடாது. பாதி வருடம் இப்படிச் சாப்பிட வேண்டுமென்றால் பருப்பையும் கீரையையும் ருசியாகச் சமைக்கக் கற்றுத்தானே ஆகவேண்டும்?

எனவே கடையில் "யெட்சோம் பெயாயினெத்து" என்று கேளுங்கள். விரதக் கலவைத் தட்டு என்று பொருள். மைசூர்ப் பருப்பில் செய்த காரமான 'மிசிர் வொத்', மஞ்சள் போட்ட காரமில்லாத 'கிக் அலிச்சா', கீரையில் 'கோமன்', கொண்டைக்கடலை மாவில் 'ஷிரோ', முட்டைக்கோஸ், காரட், உருளைக்கிழங்குப் பொரியல் எல்லாம் ஒரே இஞ்செரா மேல் வட்டமாக வரும்.

ஒரே தட்டு

இங்கேதான் நம்மவர்கள் தயங்குவார்கள். மேசையில் இருப்பவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே தட்டு. ஸ்பூன் இல்லை, வலது கையால் இஞ்செராவைப் பிய்த்துக் கறியை அள்ளிச் சாப்பிட வேண்டும். எச்சில் பத்து பார்த்து வளர்ந்த எனக்கும் முதல் நாள் கை கொஞ்சம் நின்றது உண்மை. கவனித்துப் பார்த்தால் அதிலும் ஒழுங்கு இருக்கிறது. கையைக் கழுவிவிட்டுத்தான் உட்கார்கிறார்கள். அவரவர் தன் பக்கத்தில்தான் எடுக்கிறார்கள். அடுத்தவர் பக்கம் கை நீட்டுவது அநாகரிகம்.

ஒரு விலக்கு மட்டும் உண்டு. அதற்குப் பெயர் 'குர்ஷா'. அன்புக்கு உரியவருக்கு ஒரு கவளத்தைச் சுருட்டி வாயில் ஊட்டுவது. நிலாச்சோறு உருட்டிக் கையில் வைத்த அம்மாவை நினைத்துக்கொண்டால் இதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஊட்டினால் மறுக்கக் கூடாது. தட்டின் அடியில் எல்லாக் குழம்பும் ஊறிய இஞ்செரா கடைசியில் மிஞ்சும். அதை விட்டுவிடாதீர்கள், அதுதான் உச்சம்.

சாப்பாட்டுக்குப் பின் காபி. நம் வீட்டு அராபிகா காபிச் செடியின் தாயகமே தென்மேற்கு எத்தியோப்பியக் காடுகள். பச்சைக் கொட்டையைக் கண்ணெதிரே வறுத்து, சாம்பிராணிப் புகை போட்டு, மண்குடுவையில் காய்ச்சி மூன்று சுற்று தருவார்கள். முதல் சுற்றோடு எழுந்துவிடாதீர்கள், மூன்றாவதுக்கு 'ஆசி' என்று பெயர்.

போகுமுன் சில குறிப்புகள்

பழைய 18-வது தெருவில் இப்போது அந்தக் கடைகள் அதிகம் இல்லை. தெரு கலகலப்பானதும் வாடகை ஏறியது. கடைகள் யூ தெருவுக்கும் 9-வது தெருவுக்கும் நகர்ந்தன. 2005 வாக்கில் அங்கே ஒரு பகுதிக்கு 'லிட்டில் எத்தியோப்பியா' என்று பெயர் வைக்கக் கேட்டபோது, பல தலைமுறையாக வாழ்ந்த கறுப்பின அமெரிக்கர்கள் எதிர்த்தார்கள். இசைமேதை டியூக் எலிங்டன் வளர்ந்த வட்டாரம் அது, அவர்கள் வருத்தத்திலும் நியாயம் இருந்தது. பிறகு அங்கேயும் வாடகை ஏறியது. இன்று சில்வர் ஸ்பிரிங், அலெக்சாண்ட்ரியா போன்ற புறநகர்களில்தான் கடைகள் நிறைய. பெரும்பாலும் உங்கள் பிள்ளைகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே.

கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் இஞ்செரா முழுக்க டெஃப்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல கடைகளில் வேறு மாவும் கலப்பார்கள். எல்லோரையும் எத்தியோப்பியர் என்றே அழைத்துவிடவும் வேண்டாம். 1993-ல் தனி நாடான எரித்ரியாவைச் சேர்ந்தவர்களும் இதே சாப்பாட்டுக் கடை நடத்துகிறார்கள். வடக்கே போனால் நம் எல்லோரையும் 'மதராசி' என்பார்களே, அந்த எரிச்சல் அவர்களுக்கும் உண்டு.

கடையில் கூட்டம் குறைவாக இருந்தால் பரிமாறுபவரிடம் நாலு வார்த்தை பேசுங்கள். எந்த ஆண்டு வந்தீர்கள் என்று கேளுங்கள். 1978 என்றால் சிவப்புப் பயங்கரத்துக்குத் தப்பியவர். 1984 என்றால் சூடான் முகாம் வழியே வந்தவராக இருக்கலாம். 1990-களின் பிற்பகுதி என்றால் விசா குலுக்கலில் பெயர் வந்திருக்கலாம். 2021 என்றால் திக்ரே போர். மேற்கொண்டு அவராகச் சொன்னால் கேளுங்கள், சொல்லாவிட்டால் துருவ வேண்டாம். காபியின் இரண்டாவது சுற்று வந்துகொண்டிருக்கும்.